ஹம்டா கணவாயும் சந்திரதாலும்: முதல்முறை ஏறுபவர்களுக்கு

இமாசலத்தின் மணாலிக்கு அருகே ஜோப்ராவில் தொடங்கி, 4,270 மீட்டர் உயர ஹம்டா கணவாயைக் கடந்து, லாஹுலின் சத்ருவில் இறங்குவது இந்தப் பாதை. கால்நடையாகச் சுமார் 26 கி.மீ., நான்கு நாள். அங்கிருந்து வண்டியில் சந்திரதால் ஏரி. புதியவர்களுக்கு ஏற்ற பாதைதான், ஆனால் உயரத்தையும் குளிர்ந்த ஓடையையும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செப்டம்பர் முதல் பாதியில் போங்கள். ஜூனில் கணவாய் முழுக்கப் பனி. ஜூலை, ஆகஸ்டில் மணாலி இருக்கும் குல்லு பக்கம் மழையும் சேறும்.

6 வாரம் முன்பு: வாரம் நான்கு நாள், 8 கிலோ பையோடு படியேறுங்கள். மலை இல்லாத ஊரில் அடுக்குமாடிப் படிக்கட்டே போதும். இறங்கும்போதும் பை முதுகில் இருக்கட்டும், முழங்கால் வலி வருவது இறக்கத்தில்தான். கணுக்காலை மூடும் ஷூவை இப்போதே வாங்கிப் பழக்குங்கள். புது ஷூவோடு மலைக்கு வந்தால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். கால் நகங்களை ஒட்ட வெட்டாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

பையில்: தெர்மல் உள்ளாடை ஒரு ஜோடி, ஃபிளீஸ் மேலுடை, தடித்த ஜாக்கெட், மழை உடை, கம்பளி சாக்ஸ் 3 ஜோடி, ஊன்றுகோல் இரண்டு, ஹெட்லாம்ப், 2 லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., பின்பட்டை உள்ள செருப்பு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

நடை: மணாலியில் (2,050 மீ.) ஓர் இரவாவது தங்குங்கள். முதல் நாள் ஜோப்ராவிலிருந்து சிக்கா, இரண்டு மணி நேரம்தான். இரண்டாம் நாள் பாலு கா கேரா, சுமார் 3,600 மீட்டர்.

இந்த முகாமில்தான் முக்கியமான முடிவை எடுக்க வேண்டும். தலைவலியோடு குமட்டலோ பசியின்மையோ இருந்தால் மறுநாள் ஏறாதீர்கள். இங்கிருந்து ஜோப்ராவுக்குத் திரும்புவது எளிது. கணவாயைத் தாண்டிவிட்டால் வெளியேற ஓடையைக் கடந்தே ஆக வேண்டும். தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்றால் இரவானாலும் அவரை உடனே கீழே கொண்டுபோக வேண்டும். உயரத்தால் வரும் இந்த நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே எடுங்கள். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள்தான் நீண்டது, 8 முதல் 10 மணி நேரம். விடியலிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மேகம் கூடும். கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஏறும்போது பேச முடிகிற வேகத்தில் மட்டும் நடங்கள். மேலே இந்திராசன் சிகரம் (6,221 மீ.) தெரியும். ஒருபக்கம் பசுமை, மறுபக்கம் மொட்டைப் பாறை. மழை மேகத்தை மலை தடுத்துவிடுவதால் வந்த வேறுபாடு அது. அன்றிரவு முகாமான சியாகோருவுக்கு இறக்கம் செங்குத்து: ஷூ நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டி, சிறு அடி வைத்து இறங்குங்கள்.

நான்காம் நாள் காலையில் ஓடை. இரவுக் குளிரில் பனி உருகுவது குறைந்து காலையில் நீர் தாழ்ந்திருக்கும், வெயில் ஏறினால் பெருகும். வெறுங்காலோடு இறங்கக் கூடாது, விரல் மரத்துப்போய் கல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. செருப்பு அணிந்து, பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட அது உதவும். நீரோட்டத்தை எதிர்நோக்கி, கைகோத்து, பக்கவாட்டில் நகருங்கள். கரையேறியதும் காலைத் துடைத்து உலர்ந்த சாக்ஸ்.

சந்திரதால்: சத்ருவிலிருந்து பாதல் வழியே சுமார் நான்கு மணி நேரம் கரடுமுரடான சாலை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்குச் சுமார் 1 கி.மீ. நடை. 2005 முதல் இது ராம்சர் (உலக ஈரநிலப் பாதுகாப்பு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள ஈரநிலம், கரையில் கூடாரம் அடிக்கத் தடை. ஏரி 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சத்ருவோ 3,300. ஒரே நாளில் அவ்வளவு ஏறி அங்கே தூங்குவதைவிட, பார்த்துவிட்டுச் சத்ருவுக்குத் திரும்பி உறங்குவதே புதியவர்களுக்கு நல்லது. அதற்கு ஓடையைக் கடந்த மறுநாளை முழுதாக ஒதுக்கி, அதிகாலையிலேயே வண்டி ஏறிவிடுங்கள்.