உடைத்ததை ஒளிக்காத பிள்ளைகள் வேண்டுமா?

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் நான் முதலில் ஒழித்தது பிரேக்கேஜ் காசைத்தான். சோதனைக்குழாய் உடைந்தால் 10 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் சிங்க்கில் கிடந்த கண்ணாடிச் சில்லு, கழுவ வந்த அக்காவின் விரலைக் கிழித்துவிட்டது. யார் போட்டது என்று கேட்டால் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். காசுக்குப் பயந்து ஒளித்திருக்கிறார்கள். இப்போது காசு கிடையாது. உடைத்தவரே வந்து சொல்லி, கை படாமல் துடைப்பத்தால் முறத்தில் அள்ளி, அதற்கென்று வைத்த தகர டப்பாவில் போட வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வரட்டும். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் பொறுக்காதீர்கள். சேட்டைக்காரப் பையன்தான் இதில் ரொம்பக் கறாராக இருக்கிறான். பின்னல் மடித்துக் கட்டியிருக்கிறதா, துப்பட்டா முடிச்சுப் போட்டிருக்கிறதா, மணல் வாளியில் மணல்தான் இருக்கிறதா (எங்கள் வாளியில் பாதி மிட்டாய்த் தாள்) என்று சுற்றிப் பார்ப்பது அவர்கள் வேலை. முக்கியமாகக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் வராத நாளில் அமில பாட்டிலைத் தொடுவதில்லை. கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டுமே, ஒரு குடம் எந்த மூலைக்கு?

ஆபத்தாகத் தெரிந்தால் "நிறுத்து" என்று சொல்லும் உரிமை அந்த இருவருக்கும் உண்டு, என்னிடமே சொல்லலாம். முதலில் யாரும் நம்பவில்லை. ஒருநாள் அவசரத்தில், பழைய பழக்கத்தில், ஆக்சாலிக் அமிலத்தை வாயால் உறிஞ்சப் பிப்பெட்டைத் (திரவத்தை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாய்) தூக்கினேன். "மிஸ், நிறுத்துங்க. ரப்பர் பல்பு எங்கே?" என்றாள் பொறுப்பில் இருந்தவள். வைத்துவிட்டேன். வாய்க்குப் பதிலாக உறிஞ்ச வைத்திருக்கும் அந்தப் பல்பு என் மேசை டிராயரிலேயே கிடந்தது. அன்றிலிருந்துதான் அந்த வார்த்தைக்கு மதிப்பு வந்தது.

விதிகளைச் சார்ட்டில் எழுதி மாட்டினால் யாரும் படிப்பதில்லை. அமிலத்தைத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது என்று மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, நீங்களே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடர் சல்பியூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு, வெப்பமானி மளமளவென்று ஏறுவதைக் காட்டுங்கள். காரணத்தை அவர்கள் சொல்லட்டும்.

கதவருகே 'தப்பிச்சோம்' என்று ஒரு நோட்டு தொங்குகிறது. பெயர் எழுதத் தேவையில்லை. "வெளிப்பக்கம் ஈரமா இருந்த குழாயைச் சூடாக்கினேன், டப்புனு விரிசல்" என்பது போலத்தான் இருக்கும். படித்துவிட்டுத் திட்டாதீர்கள். நான் ஒருமுறை திட்டினேன். மூன்று வாரம் நோட்டு வெறுமனே கிடந்தது. பிறகு என் பிப்பெட் கதையை நானே எழுதி வைத்தேன். மறுநாள் அதற்குக் கீழே இரண்டு வரி வந்திருந்தது.