கடிதத்துக்கு நம்பர் போட்டோம்

குவாஹாட்டியில் இருக்கும் தோழிக்கும் எனக்கும் இன்லேண்ட் லெட்டர்தான் பழக்கம். தொல்லை என்னவென்றால், கடிதங்கள் வழியிலேயே ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். நான் அம்மாவின் ஆபரேஷன் பற்றி எழுதியிருப்பேன். அவளிடமிருந்து மாங்காய் ஊறுகாய்க்குப் பக்குவம் கேட்டு வரும். இப்போது தேதிக்குப் பக்கத்தில் எண் போடுகிறோம்: 'இது 14. உன் 12 வந்தது.' எது வழியில் இருக்கிறது, எது தொலைந்தது என்று தெரிந்துவிடுகிறது. ஒட்டும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். என்ன எழுதினோம் என்ற குழப்பம் இல்லை. அப்புறம், ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். அசாம் மழையில் 781-ல் தொடங்கும் பின்கோடே கரைந்துவிட்டால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? பால்பாயிண்ட்தான் சரி. போட்டோ வைக்க ஆசை வந்தால் கவர் வாங்குங்கள், இன்லேண்டுக்குள் எதையும் வைக்கக்கூடாது.