விசுவாசம் விலையல்ல: இரட்சிப்பைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

"என் விசுவாசம் போதுமா?" வேதபாட வகுப்பு நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்கள் ஏனோதானோவென்று இருப்பவர்கள் இல்லை. ஜெபிக்கிறவர்கள், வேதம் வாசிக்கிறவர்கள், தங்கள் தவறுகளை நினைத்து ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறவர்கள். விசுவாசத்தினால் இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து விடுதலை, என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உடனே மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது: சரி, எவ்வளவு விசுவாசம் வேண்டும்? என்னிடம் அவ்வளவு இருக்கிறதா? சுவிசேஷம் என்ற சொல்லுக்கே நற்செய்தி என்றுதான் பொருள். அது இவர்களுக்கு ஒரு பரீட்சையாக மாறிவிடுகிறது.

எனக்கும் பதினேழு வயதில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் பாவ அறிக்கை ஜெபத்தை மறுபடி சொல்வேன். போன தடவை மனதாரச் சொல்லவில்லையோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு அடியில் இருந்தது ஒரே ஒரு தவறான எண்ணம் என்று புரிய வெகுகாலம் ஆயிற்று. விசுவாசத்தை நான் தேவனுக்குச் செலுத்தவேண்டிய விலையாக நினைத்திருந்தேன். இந்தப் பொருளில் வரும் மற்றப் பல குழப்பங்களும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இரட்சிப்பைச் சொல்ல வேதம் பயன்படுத்தும் மீட்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஏற்பாட்டில் அது வழிபாட்டுக்கு மட்டும் உரிய சொல் கிடையாது. கடன், நிலம், அடிமைத்தனம் ஆகியவற்றோடு புழங்கிய சொல். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில், வறுமையால் தன்னையே விற்றுவிட்ட ஒருவனை அவன் சகோதரனோ சித்தப்பனோ நெருங்கிய உறவினனோ விலைகொடுத்து மீட்கலாம். கையில் வசதி வந்தால் அவனே தன்னை மீட்டுக்கொள்ளலாம். அப்படி மீட்கும் உறவினனுக்கு எபிரெயத்தில் 'கோஏல்' என்று பெயர். ரூத் என்ற விதவையின் கதையில் அவள் புகுந்த வீட்டு உறவினனான போவாஸ் செய்வது இதைத்தான். அவனைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்தும், தன் சொத்து கெட்டுவிடும் என்று விலகிக்கொள்கிறான். ஆக, மீட்க உறவு வேண்டும், வசதி வேண்டும், மனமும் வேண்டும்.

49-ஆம் சங்கீதம் இதே சட்டத்தை எடுத்து ஒரு படி மேலே போகிறது: நிலத்தை மீட்கலாம், மரணத்திலிருந்து ஓர் ஆத்துமாவை மீட்க எந்த மனிதனிடமும் பணம் இல்லை, தேவன்தான் மீட்கவேண்டும். மாற்கு 10:45-இல் தம் ஜீவனை அநேகரை "மீட்கும் பொருளாக" கொடுக்க வந்ததாக இயேசு சொல்லும்போது, கிரேக்க மூலத்தில் வரும் 'லூத்ரோன்' என்ற சொல் அடிமைகளையும் சிறைப்பட்டவர்களையும் விடுவிக்கக் கொடுக்கும் தொகையைக் குறித்தது. அந்தத் தொகையைக் கொடுப்பவர் இயேசு. விடுதலையாகிறவன் அதில் ஒரு காசும் சேர்ப்பதில்லை.

அப்படியானால் விசுவாசம் எங்கே வருகிறது? அப்போஸ்தலன் பவுலின் நிருபமான எபேசியர் 2:8 இதை இரண்டே சொற்களில் பிரித்துக் காட்டுகிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு". இரட்சிப்புக்குக் காரணம் கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் தயவு. விசுவாசம் அதைப் பெற்றுக்கொள்ளும் வழி. பவுல் எழுதிய கிரேக்கத்தில் 'வழியாக' என்ற பொருளில்தான் அந்த முன்னிடைச்சொல் வருகிறது, 'நிமித்தமாக' என்ற பொருளில் இல்லை. நீட்டிய கை சோற்றைச் சமைப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. கை நடுங்கினாலும் சோறு சோறுதான்.

இதற்கு மாற்கு 9-ஆம் அதிகாரத்துத் தகப்பனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மகனைக் கொண்டுவருகிறார், சீஷர்களால் அவனைக் குணமாக்க முடியவில்லை, இயேசுவிடம் கண்ணீரோடு சொல்கிறார்: விசுவாசிக்கிறேன், "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்". ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார். முதலில் போய் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமாகிறான். அந்தத் தகப்பனின் விசுவாசத்தில் பெரிதாக எதுவும் இல்லை. அதை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் எல்லாம்.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று வரும் இடத்தில் கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறது. ஆக, ஒருவர் 'நம்பிக்கை' என்று சொல்வது இன்னொருவர் காதில் வேறொன்றாக விழுகிறது. அன்றாடப் பேச்சில் "மழை வரும்னு நம்பிக்கை இருக்கு" என்றால் அதில் பாதி சந்தேகம்தான். 'விசுவாசமான ஊழியன்' என்றால் அது எஜமானுக்குக் காட்டும் உண்மை. வேதம் சொல்லும் விசுவாசத்தின் நடுவில் இருப்பது ஒருவர்மேல் சாய்ந்துகொள்வது. இதைச் சொல்லாமல் பாடம் நடத்தினால், ஒருவர் மனதுக்குள் உணர்ச்சியைத் தேடுவார், இன்னொருவர் தம் விசுவாசத்தை நிரூபிக்கப் பாடுபடுவார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: கோட்பாட்டை ஒப்புக்கொள்வதே விசுவாசம் என்று எண்ணுவது. புதிய ஏற்பாட்டில் தம் பெயரிலுள்ள நிருபத்தில் யாக்கோபு இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்: "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." சீர்திருத்தச் சபைகளின் போதகர்கள் விசுவாசத்தில் மூன்றைப் பார்த்தார்கள்: அறிவது, ஒப்புக்கொள்வது, சார்ந்திருப்பது. 1563-இல் வெளியான அவர்களுடைய போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடையும் மெய்யான விசுவாசம் அறிவு மட்டுமல்ல, உறுதியான பற்றுதலும்கூட என்றே சொல்கிறது.

பவுலும் யாக்கோபும் மோதுகிறார்களா என்ற கேள்வி கட்டாயம் வரும். சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், மற்றப் புத்தகங்களோடு ஒப்பிட்டு யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று எழுதினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருவரும் ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள். அவர் வாழ்க்கையில் எந்த நாளைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15: ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அப்போது அவருடைய மூத்த மகன் இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை. யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22: ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய நாள். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100. ஈசாக்கு விறகு சுமக்கும் பையனாக வளர்ந்த பிறகுதான் அந்த மலைப்பயணம். இரண்டு நாட்களுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல். யாக்கோபு அந்த 15-ஆம் அதிகார வசனத்தை மறுக்கவும் இல்லை. அது அன்று நிறைவேறியது என்கிறார். நீதிமானாக எண்ணப்பட்டவரிடம் அந்த விசுவாசம் பல வருடம் கழித்தும் உயிரோடு இருந்ததா என்பது அவருடைய கேள்வி. தேவனுக்கு முன்னால் கொண்டுவர ஒன்றுமில்லாதவன் எப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்பது பவுலின் கேள்வி. தவிர, கிரியைகளினால் அல்ல என்று எபேசியர் 2:9-இல் எழுதிய அதே பவுல், நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அடுத்த வசனத்தில் எழுதுகிறார். முந்தின இரண்டு வசனங்களை மனப்பாடம் செய்துவிட்டு 10-ஆம் வசனத்தை விட்டுவிடுவது எவ்வளவு பரவலான பழக்கம்!

இந்தக் கேள்வியில்தான் மேற்கத்திய சபை பிளந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் தன் ஆறாவது அமர்வில் நீதிமானாக்கப்படுதல் பற்றி, அதாவது மனிதன் தேவனுக்கு முன் நீதிமானாவது எப்படி என்பது பற்றி, தீர்ப்பு எழுதியது; புராட்டஸ்டண்டுகள் அதை ஏற்கவில்லை. அதனால் "கத்தோலிக்கர் கிரியைகளால் இரட்சிப்பு என்கிறார்கள்" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது நம்மில் பலருக்குப் பழகிப்போனது. அது நியாயமான சுருக்கம் இல்லை. கிருபை முந்திக்கொள்ளாமல் மனிதன் தன் கிரியைகளால் நீதிமானாகலாம் என்பதைத் திரெந்து சங்கமே தன் முதல் விதியில் கண்டித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இருதரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006-இல் மெதடிஸ்டுகள் அதில் இணைந்தார்கள். வேறுபாடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் அடுத்தவர் போதனையை அவர்கள் எழுதியதிலிருந்து படித்துவிட்டுப் பேசுவது குறைந்தபட்ச அன்பு.

மீட்கும் விலை என்ற உவமையை அளவுக்கு மீறி இழுப்பதும் ஒரு தவறு. விலை கொடுக்கப்பட்டது என்றால் யாருக்கு? 4-ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி என்ற பேராயர், பிசாசுக்கு என்று விளக்கினார். இரைக்குள் மறைந்த தூண்டில் முள்ளைப்போல மனித உடலுக்குள் மறைந்திருந்த தெய்வத்தன்மையைப் பிசாசு விழுங்கிவிட்டதாம். அவர் காலத்தவரான நாசியான்சின் கிரகோரி, கொள்ளைக்காரனுக்குத் தேவன் கூலி கொடுப்பதா என்று பொறுக்காமல் மறுத்தார். யாத்திராகமத்தைப் பாருங்கள்: இஸ்ரவேலைத் தேவன் மீட்டார் என்று வேதம் திரும்பத் திரும்பச் சொல்கிறது, பார்வோன் கையில் ஒரு காசும் போகவில்லை. மீட்புக்கு ஆன விலை எவ்வளவு பெரியது என்று அந்த உவமை சொல்கிறது, ரசீது யார் பெயரில் என்பது அதன் கவலையே இல்லை. நீதிமன்றம், பலிபீடம், பகைத்தவர்கள் ஒப்புரவாவது என்று வேறு படங்களும் வேதத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால், கோபமாக இருந்த பிதாவை அன்பான குமாரன் சமாதானப்படுத்தியதாக ஒரு கதை உருவாகிவிடும். ரோமர் 5:8 அதற்கு இடமே தருவதில்லை: நாம் பாவிகளாயிருக்கும்போதே கிறிஸ்து மரித்தது, பிதாவாகிய தேவன் நம்மேல் வைத்த அன்பைக் காட்டுகிறது.

யாத்திராகமத்தில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பத்துக் கட்டளைகள் 20-ஆம் அதிகாரத்தில் வருகின்றன. செங்கடலைக் கடந்தது 14-இல். எகிப்திலேயே கட்டளைகளைக் கொடுத்து, இவற்றைக் கைக்கொண்டால் விடுவிக்கிறேன் என்று தேவன் சொல்லவில்லை. முதலில் மீட்பு, அப்புறம்தான் கட்டளை. இந்த வரிசையை மாற்றினால் பயம் வரும். கட்டளையே தேவையில்லை என்று விட்டுவிட்டால், கிருபை பெருகும்படி பாவத்திலேயே இருக்கலாமா என்று கேட்டு, பவுல் ரோமர் 6-இல் "கூடாதே" என்று ஒரே சொல்லில் தடுத்த இடத்துக்குப் போய்ச் சேருவோம்.

"நீங்கள் எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்று கேட்பவர்கள், அந்த வினைச்சொல் வேதத்தில் மூன்று காலத்திலும் வருவதை நினைவில் வைத்தால் நல்லது. எபேசியர் 2:8-இல் இரட்சிக்கப்பட்டீர்கள், 1 கொரிந்தியர் 1:18-இல் இரட்சிக்கப்படுகிறவர்கள், ரோமர் 5:9-இல் இனிமேல் நடக்கப்போவது. தேதி தெரிந்தவர்கள் அதற்காக நன்றி சொல்லட்டும். சிறுவயதிலிருந்தே விசுவாசத்தில் வளர்ந்து, தேதி சொல்லத் தெரியாத ஒருவரை அந்தக் கேள்வியால் கலங்க வைக்கவேண்டியதில்லை.

கடைசியாக, எனக்கு மனவேதனை தரும் தவறு. நோயில் கிடக்கிறவரிடம் போய், விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் சுகம் வரவில்லை என்று சொல்வது. இரத்தப்போக்கோடு வந்த பெண்ணிடம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு சொன்னார். இரட்சிப்பதற்கும் சுகமாக்குவதற்கும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல் வருவதும் உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு, சுகமாகாதவர்கள் விசுவாசியாதவர்கள் என்று திருப்பிப்போட நமக்கு உரிமை இல்லை. தன் மாம்சத்தில் ஒரு 'முள்' என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி பவுல் மூன்று தடவை வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்?

படுத்த படுக்கையாக இருப்பவரிடம் போனால் நான் மாற்கு 2-ஆம் அதிகாரத்தைத்தான் வாசிப்பேன். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலுபேர் சுமந்துவருகிறார்கள், கூட்டத்தால் உள்ளே நுழைய முடியவில்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டது என்கிறார். படுக்கையில் கிடந்த அந்த மனிதன் அன்று ஒரு வார்த்தை பேசியதாகக்கூட மாற்கு எழுதவில்லை.