செலுலோசு நானோப் பளிங்குகளால் பொதிப் படலத்தை வலுவாக்குதல்: தொடக்கநிலைச் செய்முறை

தாவர நார்ப்பொருளான செலுலோசிலிருந்து அமிலத்தால் பிரித்தெடுக்கும் மிக நுண்ணிய பளிங்குத் துகள்களே செலுலோசு நானோப் பளிங்குகள்; அவற்றைப் பொதி செய்யும் மெல்லிய படலத்தில் கலந்து வலுவூட்டுவதே இச்செய்முறை. மலையகத்தில் செலுலோசு என்றதும் கழிவுத் தேயிலையும் வாழைத்தண்டுமே நினைவுக்கு வரும். ஆனால் அவற்றில் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைக் காரத்தில் அவித்து நீக்கி, பின்னர் வெளிற்றுவதற்கே நாட்கள் கரைந்துவிடும் என்பதால், முதன்முறை செய்பவர் ஏறத்தாழத் தூய செலுலோசான மருத்துவப் பஞ்சிலேயே தொடங்குவது நல்லது. படலத்துக்கு நீரில் கரையும் பொலிவைனைல் அற்ககோலை எடுங்கள். கடைப் பையின் பொலித்தீன் நீரை ஏற்காததால், நீரில் மிதக்கும் இத்துகள்கள் அதனோடு எளிதில் ஒட்டமாட்டா.

முதலில், மேற்பார்வையாளருடன், ஆய்வுகூடத்தின் புகைபோக்கி அறையில், பனிக்கட்டித் தொட்டியில் வைத்த நீருக்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து (அமிலத்துக்குள் நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள்) 64 சதவீதச் சல்பூரிக் அமிலத்தைத் தயாரியுங்கள். அதில் 60 மில்லிலீற்றருக்கு 4 கிராம் பஞ்சை இட்டு, 45 பாகை செல்சியசில் 45 நிமிடம் கலக்குங்கள். அமிலம் ஒழுங்கற்ற பகுதிகளை அரித்துவிட, பளிங்குப் பகுதிகள் எஞ்சும். உடனே 600 மில்லிலீற்றர் குளிர்நீரில் ஊற்றித் தாக்கத்தை நிறுத்தி, மையநீக்கியில் (வேகமாகச் சுழற்றித் துகள்களைப் படியவைக்கும் கருவி) கழுவி, அமிலத்தன்மை அகலும்வரை கூழ்பிரிப்புப் பையில் (அமிலத்தை வெளியேவிட்டுத் துகள்களைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வுப் பை) வைத்து நீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கிடைத்த பால்நிறக் கலவையை உலர்த்திப் பொடியாக்கிவிடக் கூடாது. உலர்ந்தால் துகள்கள் ஐதரசன் பிணைப்புகளால் இறுகிக் கட்டியாகிவிடும்; பிறகு பிரிப்பது பெரும்பாடு. 10 மில்லிலீற்றரை மட்டும் உலர்த்தி எடைபோட்டு, 0.1 கிராம் இருந்தால் செறிவு 1 சதவீதம் எனக் கொள்ளுங்கள். மீதியைப் பனிக்கட்டியில் வைத்துக் கழியொலியால் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) சில நிமிடம் சிதறடியுங்கள்.

அடுத்து, 5 கிராம் பொலிவைனைல் அற்ககோலை 95 மில்லிலீற்றர் நீரில் சுமார் 90 பாகையில் கரையுங்கள். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்பதால், அங்கு கொதிப்பைப் பார்த்து வெப்பத்தை ஊகிக்காமல் வெப்பமானியையே நம்புங்கள். ஆறிய பின் 1 சதவீதக் கலவையில் 15 மில்லிலீற்றர் சேர்த்தால், பொலிவைனைல் அற்ககோலின் நிறையில் 3 சதவீத நிரப்பி (படலத்தை வலுவாக்கும் நானோப் பளிங்கு) கிடைக்கும். குமிழிகள் அடங்கியதும் பெத்திரிக் கிண்ணங்களில் ஊற்றி, 40 பாகை உலரடுப்பில் உலர்த்துங்கள். ஒப்பிடுவதற்கு நிரப்பியற்ற படலமொன்றையும் உடன் வார்த்தெடுங்கள்.

இரண்டிலும் ஒரே அகலக் கீலங்களை வெட்டி, எடை தொங்கவிட்டு, அறும் எடையை ஒப்பிடுங்கள். மூடுபனி நாளில் படலம் ஈரத்தை உறிஞ்சி இளகும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் சோதியுங்கள். நிரப்பியிட்டது முன்னதாக அறுந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வெண்புள்ளிகள் தெரிந்தால் துகள்கள் திரண்டுவிட்டன, கழியொலிப் படியிலிருந்து மீண்டும் செய்யுங்கள்.