குழந்தை விழுந்ததும் நாம் செய்யும் தவறுகள்

ஒன்றரை வயதுக் குழந்தை தடுக்கி விழுந்தால் பல நேரம் உடனே அழாது. தலையைத் தூக்கி நம் முகத்தைப் பார்க்கும். அந்த நொடியில் "ஐயய்யோ!" என்று அலறிக்கொண்டு ஓடுவதுதான் முதல் தவறு. பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதைக் குழந்தை நம் முகத்தில்தான் பார்த்துக்கொள்கிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணாடி மூடிய சிறு பள்ளத்தின் விளிம்பில் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள். எதிரே நின்ற தாய் பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. சிரித்த முகம் காட்டியபோது 19 பேரில் 14 பேர் கடந்தார்கள். அதனால் பக்கத்தில் போய் உட்காருங்கள். தாழ்ந்த குரலில், "விழுந்துட்டியா? எங்க, காட்டு" என்று கேளுங்கள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பதறிச் சொல்வதும் உதவாது. முழங்கால் எரிகிறது, அம்மாவோ ஒன்றுமில்லை என்கிறாள். குழந்தை எதை நம்பும்? "முட்டி தேஞ்சிடுச்சு, எரியுதா?" என்றால் அழுகை சீக்கிரம் அடங்கும். மருந்து போடும்போது "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொன்னால், அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே ஓடி ஒளியும்.

நம் வீடுகளில் தரையை அடித்துக் காட்டுவது வழக்கம். "பாப்பாவை இடிச்ச கதவை அடி!" அழுகை நிற்கும், உண்மைதான். ஆனால் ஈரத்தில் ஓடினால் வழுக்கும் என்பது மனதில் பதியாது. வலித்தால் எதையாவது அடிக்கலாம் என்பது பதிந்துவிடும்.

இந்த வயதில் பட்ட காயத்தைக் குழந்தை பிறகு நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல, பட்ட நாளில் அதற்குப் பேச்சு எவ்வளவு வந்திருந்தது என்பது முக்கியம். பேச்சு வராத குழந்தைக்கும் படிக்கட்டைக் கண்டால் தயக்கம் தங்கலாம். இரண்டு வயதைக் கடந்த பிள்ளைகள் சில மாதம் கழித்தும் சொல்வதுண்டு. அதனால் விழுந்த அன்று இரவே நடந்ததைச் சின்னச் சின்னதாகச் சொல்லிக் கொடுங்கள்: "ஓடின. தண்ணில வழுக்குச்சு. முட்டி தேஞ்சுது. அம்மா கழுவினேன். இப்ப காஞ்சிடுச்சு." காயம் ஆறியது வரை சொல்லி முடிப்பது அவசியம். உறவினர் முன்னால் "யார் தள்ளினா, அண்ணாவா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தள்ளாத அண்ணனுக்கும் தலையாட்டிவிடும், பிறகு அதையே நம்பவும் கூடும்.

சிராய்ப்பில் காபித்தூள், மஞ்சள் வைக்காதீர்கள்; ஓடும் நீரில் மண் போகக் கழுவினால் போதும். சூடு பட்ட இடத்தில் பற்பசை வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

அழாததால் அடி படவில்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. எங்கே வலிக்கிறது என்று இந்த வயதில் சரியாகச் சொல்லத் தெரியாது. பிஸ்கட் நீட்டிப் பாருங்கள்: ஒரு கையைத் தொங்கவிட்டு மறு கையால் மட்டுமே வாங்கினாலோ, காலை ஊன்ற மறுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் வடிதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.