பழங்குடி மக்கள் பத்தி செய்தி போடுறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பாக்கணும்

லோக்கல் நியூஸ் பேஜ் நடத்துறவங்க, யூடியூப் சேனலுக்கு ஸ்கிரிப்ட் எழுதுறவங்க, டெஸ்க்ல புதுசா சேந்த பசங்க, இவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். வனத்துறையோ போலீஸோ வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பிரஸ் நோட் போடுவாங்க, அதுல இருக்குற வார்த்தை அப்படியே நம்ம தலைப்புல ஏறி உக்காந்துக்கும். என்னக் கேட்டா முக்கால்வாசி கோளாறு அங்கதான்.

அதனால முதல்ல, நோட்ல ஒரு ஆளுக்கு ஒட்டியிருக்குற பட்டத்த யாரு குடுத்ததுன்னு பாருங்க. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல தமிழ்நாட்டுக்காரங்க 20 பேர போலீஸ் டாஸ்க் ஃபோர்ஸ் சுட்டுக் கொன்னுச்சு, அதுல ஜவ்வாதுமலை பழங்குடி ஆளுங்களும் உண்டு. நிறைய செய்தில அவங்கள செம்மரக் கடத்தல்காரங்கன்னே எழுதிட்டாங்க. சரக்க வாங்கி கப்பலேத்தி காசு பாக்குறவன் கடத்தல்காரன், கூலிக்கு மரம் வெட்டப் போறவன் கூலிக்காரன், ரெண்டும் ஒண்ணா? கோர்ட் விசாரிக்கிறதுக்கு முன்னாடியே நாம தீர்ப்பு எழுதக்கூடாதுல்ல. "20 பேர் சுட்டுக்கொலை: கடத்தல்காரர்கள் என்கிறது போலீஸ்"னு போட்டுப் பாருங்க, அந்த 'என்கிறது' வந்ததும் சொன்னது யாருன்னு படிக்கிறவனுக்குத் தெரிஞ்சுடும்.

அடுத்து வினைச்சொல். "வாச்சாத்தி சம்பவம்"னு எழுதி எழுதி நமக்குப் பழகிப்போச்சு. என்ன சம்பவம், மழை பேஞ்சுதா? 1992 ஜூன்ல சந்தன மரம் தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க தர்மபுரி மாவட்டத்துல வாச்சாத்திங்குற பழங்குடி ஊருக்குள்ள பூந்து, வீட்ட இடிச்சு, ஆளுங்கள அடிச்சு, 18 பெண்கள பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. 269 பேர் மேல கேஸ், விசாரணை முடியறதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளின்னு 2011-ல தீர்ப்பு, 2023-ல ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணிடுச்சு. இதுக்கப்புறமும் "நடந்தது", "தாக்கப்பட்டனர்"னு இழுத்தா செஞ்சவன் வாக்கியத்துலேர்ந்தே தப்பிச்சுடுறான். யார் செஞ்சான்னு எழுவாயா வைங்க. ஆனா பாதிக்கப்பட்ட பெண்ணோட பேரோ, அடையாளமோ, முகமோ வரக்கூடாது, அது சட்டப்படியே குத்தம்.

கொத்தடிமை மீட்பு செய்தியும் இதே கதைதான். செங்கல் சூளைலயோ அரிசி ஆலைலயோ இருந்து இருளர் குடும்பங்கள அதிகாரிங்க மீட்டா, வரிசையா நிக்க வெச்சு குழந்தை முகம் வரைக்கும் போட்டோ வருது, ஓனர் பேர மட்டும் காணோம். எஃப்ஐஆர்ல இருக்கான்னு கேளுங்க, இருந்தா எழுதுங்க, எஃப்ஐஆரே போடலன்னா அதுதான் உங்க செய்தி.

"வன ஆக்கிரமிப்பு அகற்றம்"னு நோட் வந்தா, அந்தக் குடும்பம் 2006 வன உரிமைச் சட்டத்துல நில உரிமை கேட்டு மனு போட்டிருக்கான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க, ஏன்னா மனுவ விசாரிச்சு முடிக்காம வெளியேத்தக் கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. மனு நிலுவைலன்னா ஆக்கிரமிப்புங்குற வார்த்தைய எடுத்துடுங்க.

அப்புறம், ஜவ்வாதுமலை மாதிரி மலைகள்ல இருக்குற மலையாளிங்குற பழங்குடிய மலையாளின்னு மொட்டையா எழுதாதீங்க, கேரளாக்காரங்கன்னு நெனச்சுக்குவாங்க, மலையாளி பழங்குடின்னு போடுங்க. இருளர்னாலே "எலி பிடிக்கும் மக்கள்"னு ஆரம்பிக்கிறதையும் விடுங்க. 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளர் பாம்பு பிடிக்கிற திறமைக்காக பத்மஸ்ரீ வாங்குனாங்க, அவங்கள நிபுணர்னு எழுத என்ன தயக்கம்னு புரியல. நீலகிரி தோடர்னா டான்ஸ் போட்டோ மட்டும்தான்ங்குறது தனி எரிச்சல், அவங்களுக்கும் ரோடு, ரேஷன், பட்டா பிரச்சனையெல்லாம் இருக்கு.

கடைசியா, அந்த ஊர்ல ஒரு ஆள்கிட்டயாவது பேசாம பப்ளிஷ் பட்டன தொடாதீங்க. தப்பா போயிடுச்சுன்னா உள்ள இருக்குற வரிய மட்டும் மாத்தாம தம்ப்நெயிலையும் மாத்துங்க, ஸ்கிரீன்ஷாட்டா சுத்துறது அதுதான்.