போலீஸிடம் ‘சரி சார்’ சொல்வதற்கு முன்: சேலத்திலிருந்து அமெரிக்கா போன பிள்ளைகளுக்கு

ஏற்காடு அடிவாரச் சோதனைச் சாவடியில் காரை நிறுத்தி “டிக்கியைத் திறங்க” என்றால் திறந்துவிடுகிறோம். எதற்கு என்று கேட்பதில்லை. ஐந்து ரோட்டில் டிராஃபிக் போலீஸ் கைகாட்டினால் வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு “சார்” என்று அவரிடம் நடந்து போகிறோம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வீட்டுக்கு வரும் காவலரை உள்ளே உட்கார வைத்து டீ கொடுக்கிறோம். இங்கே வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் மரியாதை. இதையே டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ செய்தால் நிலைமை வேறு. டிக்கியைத் திறந்தால் ஒரு உரிமையை நீங்களாகவே விட்டுக்கொடுத்ததாக ஆகும். காரிலிருந்து இறங்கி நடந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுக்குள் கூப்பிட்டால், அங்கே கண்ணில் படுவதையெல்லாம் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வழிவிட்டதாக ஆகும்.

நான் பல வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஜூலை வந்தால் எம்.எஸ். படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்து சிம் கார்டு, பேங்க் கணக்கு, எந்த ஊரில் எந்த அரிசி கிடைக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். போலீஸைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. “நாம என்ன தப்பு பண்ணப் போறோம்” என்பார்கள். தப்பு செய்யாதவர்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டி மாட்டிக்கொள்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வது நாடு முழுக்கப் பொருந்தும் அடிப்படைகள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், வழக்கு என்று வந்துவிட்டால் அந்த ஊர் வக்கீல்தான் வேண்டும்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். “நாம் குடிமக்கள் இல்லையே, நமக்கு என்ன உரிமை?” என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட திருத்தங்களில் நான்காவது, காரணமில்லாத சோதனையையும் கைதையும் தடுக்கிறது. ஐந்தாவது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படுவதைத் தடுக்கிறது. ஆறாவது, குற்றவழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. இவை அந்த மண்ணில் வாழும் வெளிநாட்டவருக்கும் பாதுகாப்பு தருகின்றன. 1886லேயே சான்பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை நடத்திய ஒரு சீனர் வழக்குப் போட்டு, சட்டத்தின் சமமான பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். எஃப்-1 என்ற மாணவர் விசாவோ எச்-1பி என்ற வேலை விசாவோ, நீங்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள்.

ரோட்டில் நிறுத்தினால்

பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னினால் வலது ஓரம் நிறுத்துங்கள். காரை விட்டு இறங்காதீர்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கை கதவுக்குத்தான் தானாகப் போகும். அங்கே எந்தக் காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்று நினைத்துத்தான் அதிகாரி நடந்து வருகிறார். கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் அவர் பார்க்கும்படி வையுங்கள். லைசென்ஸ், காரின் பதிவுச் சீட்டு, இன்சூரன்ஸ் மூன்றையும் கேட்பார். டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அவரே இறங்கச் சொன்னால் இறங்கத்தான் வேண்டும், 1977இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்துவிட்டது. பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே வரக்கூடாது. அபராதத்தோடு போகவேண்டிய விஷயம் லஞ்சக் குற்றமாகி, விசாவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

அப்புறம் அவர் சிரித்த முகத்தோடு, “காரை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?” என்று கேட்கலாம். பேச்சுவாக்கில் கேட்பதுபோல இருக்கும். சட்டப்படி அது ஒரு அனுமதிக் கோரிக்கை. நீங்கள் “ஓகே சார்” என்றால், காரணமே இல்லாமல் செய்யும் சோதனைகூட உங்கள் சம்மதத்தால் சட்டபூர்வமாகிவிடும். மறுக்கலாம் என்று அவர் உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது, 1973லேயே தீர்ப்பாகிவிட்டது. இந்த இடம்தான் எனக்கு மனசு பொறுக்காத இடம். ஒரு உரிமை இருக்கிறது, அது இருக்கிறதென்று தெரிந்தவருக்கு மட்டும் பயன்படுகிறது. ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்?

சொல்ல வேண்டியது ஒரே வரி: “ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்.” குரலை உயர்த்தாமல், சார் போட்டே சொல்லலாம். மறுத்ததை வைத்தே உங்கள்மேல் சந்தேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் காருக்குள் குற்றப் பொருள் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே தேடலாம், 1925 முதல் காருக்கு அப்படி ஒரு விதிவிலக்கு உண்டு. ஆயுதம் வைத்திருப்பீர்களோ என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் ஆடைமேல் தடவிப் பார்க்கலாம். அப்படி ஆரம்பித்தால் கையால் தடுக்காதீர்கள், வாயால் மட்டும் மறுப்பைச் சொல்லி வையுங்கள். சோதனை செல்லுமா செல்லாதா என்பதைப் பிறகு நீதிபதி முன்னால் பேசிக்கொள்ளலாம், ரோட்டில் அதற்கு இடமில்லை. டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எழுதி முடித்த பிறகு, மோப்ப நாய் வரட்டும் என்று காரணமில்லாமல் காக்க வைக்கவும் கூடாது. இது 2015இல் வந்த தீர்ப்பு. “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” என்று கேளுங்கள். போகலாம் என்றால் அமைதியாகக் கிளம்புங்கள்.

வீட்டுக் கதவு

சோதனை விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் காரைவிட வீட்டை மிக உயரத்தில் வைத்திருக்கிறது. ஒருவரை அவர் வீட்டுக்குள் புகுந்து கைது செய்வதற்கே பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று 1980இல் தீர்ப்பு வந்தது. உள்ளே யாரோ அலறுகிறார்கள், சாட்சியம் அழிக்கப்படுகிறது போன்ற அவசரங்கள் மட்டும் விலக்கு. கதவைத் தட்டினால் திறக்காமலே பேசலாம். வாரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் கண்ணாடி வழியாகக் காட்டவோ கதவுக்கு அடியில் தள்ளவோ சொல்லுங்கள். நீதிபதி கையெழுத்தும் உங்கள் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். 1957இல் கிளீவ்லாண்டில் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் போலீஸார் ஏதோ ஒரு காகிதத்தைக் காட்டி, வாரண்ட் என்று சொல்லிப் புகுந்தார்கள். கோர்ட்டில் அந்த வாரண்டைக் காட்டவே இல்லை. அந்த வழக்கில்தான் 1961இல், சட்டவிரோதமாக எடுத்த சாட்சியம் மாநில நீதிமன்றங்களிலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

குடிவரவுத் துறை அதிகாரிகள் காட்டும் வாரண்ட் பல சமயம் அந்தத் துறை அதிகாரியே கையெழுத்துப் போட்டது. அது நீதிபதியின் வாரண்ட் ஆகாது. உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் வர அது போதாது என்பதுதான் நெடுநாளாக வக்கீல்கள் சொல்லித்தரும் நிலை. மீறி வந்தால் எதிர்த்து நிற்காதீர்கள். சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள்.

நாலைந்து பேர் ஒரே அபார்ட்மெண்டில் இருப்பீர்கள். பொது அறையைத் தேட ஒரு ரூம்மேட் அனுமதி கொடுத்தாலே போதும். ஆனால் அதே வீட்டில் குடியிருக்கும் இன்னொருவர் அங்கேயே நின்று மறுத்தால், அந்த அனுமதி அவருக்கு எதிராகச் செல்லாது. இது 2006 தீர்ப்பு. சமையல் முறை போடும் அன்றைக்கே இதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை அறை

நம் ஊர்ச் சட்டம் தெரிந்தவர்கள்கூட இங்கே தவறிவிடுகிறார்கள். இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது, இப்போதைய சட்டத்திலும் தொடர்கிறது. “ஸ்டேஷன்ல என்ன சொன்னாலும் கோர்ட்ல மாத்திக்கலாம்” என்று நம் ஊரில் சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் அப்படி ஒரு பிரிவு இல்லை. மிரட்டாமல் வாங்கிய வாக்குமூலத்தைப் போலீஸ்காரரே கோர்ட்டில் ஏறிச் சொல்லலாம், வீடியோவையும் போட்டுக் காட்டலாம்.

மௌனமாக இருக்கும் உரிமையை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 1966ஆம் ஆண்டு மிராண்டா தீர்ப்பிலிருந்து வந்த வழக்கம் அது. பலருக்குத் தெரியாதது, காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்பது. ரோட்டில் நின்றோ, நீங்களாகப் போய் உட்கார்ந்தோ பேசியது வாசிக்காமலே சாட்சியமாகலாம். இன்னொன்று: சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாது. இரண்டே முக்கால் மணி நேரம் அநேகமாக ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்விக்கு ‘ஆமாம்’ என்றவரின் பதில் செல்லும் என்று 2010இல் தீர்ப்பானது. உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “ஐ வான்ட் டு ரிமெய்ன் சைலன்ட். ஐ வான்ட் எ லாயர்.” காவலில் இருப்பவர் வக்கீல் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுவிட்டால், வக்கீல் வரும் வரை அவர்கள் விசாரணையை நிறுத்த வேண்டும். நீங்களாகப் பேச்சை ஆரம்பித்தால்தான் மறுபடி தொடரலாம். “வக்கீல் வச்சுக்கலாமோ என்னமோ” என்று இழுத்தால் அது கேட்டதாகாது.

விசாரிக்கும்போது போலீஸ் பொய் சொல்லலாம். உங்கள் நண்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று இல்லாததைச் சொல்வதை 1969லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நீங்கள் பொய் சொல்லக்கூடாது. அமெரிக்க மத்திய அரசு அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் அதற்கே 5 வருடம் வரை சிறை. பேசாமல் இருப்பது உரிமை, பொய் குற்றம்.

நம்மவர்கள் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “யெஸ், யெஸ்” என்பார்கள், தலையையும் ஆட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக. எதிரே இருப்பவர் அதை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஃபோன்

கைது செய்தாலும் ஃபோனுக்குள் பார்க்கத் தனியாக வாரண்ட் வேண்டும் என்று 2014இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் விமான நிலையத்தில் குடிவரவு, சுங்கச் சோதனைக்கு நிற்கும்போது இந்தப் பாதுகாப்பு பெரிதும் குறைந்துவிடும், அங்கே வாரண்ட் இல்லாமலே ஃபோனைப் பார்க்கிறார்கள். மறுத்தால் விசாவில் வருபவரைத் திருப்பி அனுப்பவும் செய்யலாம்.

உங்களைப் பார்க்க வரும் அப்பா அம்மா

பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் வருகிறவர்கள் காலையில் வாக்கிங் போவார்கள். அஸ்தம்பட்டியில் நடப்பதுபோல நினைத்துக்கொண்டு, வீட்டுத் தோட்டங்களைப் பார்த்தபடி நின்று நின்று நடப்பார்கள். 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலம் மேடிசனில், மகன் வீட்டுக்கு வந்திருந்த 57 வயது குஜராத்திக்காரர் ஒருவர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார். சந்தேகமாக யாரோ திரிகிறார் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீஸுக்கு ஃபோன் செய்தார். ஆங்கிலம் தெரியாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். போலீஸ்காரர் அவரைக் கீழே தள்ளியதில் கழுத்து எலும்பு அடிபட்டு உடல் ஓரளவு செயலிழந்தது. அந்த அதிகாரிமேல் அமெரிக்க மத்திய அரசு போட்ட வழக்கு தண்டனையில் முடியவில்லை. நினைத்தாலே எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அதனால் வந்த முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்: போலீஸ் கூப்பிட்டால் நிற்க வேண்டும், பையிலும் ஜேபியிலும் கைவிடக்கூடாது, திரும்பி நடக்கக்கூடாது, அதிகாரியின் கையைப் பிடித்துப் பேசக்கூடாது. உங்கள் பெயர், முகவரி, ஃபோன் எண், “எனக்குத் தமிழ் மட்டும் தெரியும்” என்ற வரி, இவற்றை ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்றைக் கழுத்தில் தொங்கவிடுங்கள். 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் குடிவரவுப் பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாக்கிங்குக்கும் அது பொருந்தும், நாட்டுக்குள் வந்ததைப் பதிவு செய்த ஐ-94 ஆவணத்தின் பிரதி ஒன்று கூடவே இருக்கட்டும்.

கைதாகிவிட்டால்

சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக்கூடாது என்ற நம் ஊர் விதி அங்கே இல்லை. கணவன் மனைவி சண்டையில் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தவர் அவசர எண்ணான 911க்கு அழைத்தால், பல மாநிலங்களில் அடிதடி நடந்ததாக நம்பக் காரணம் தெரிந்தவுடன் ஒருவரைக் கைது செய்தே ஆகவேண்டும். “சமாதானமாயிட்டோம் சார்” என்றால் போகமாட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், தண்டனை வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்யலாம்.

வாரண்ட் இல்லாமல் கைது செய்தால், அதற்குக் காரணம் இருக்கிறதா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். பணமில்லாவிட்டால், சிறைத்தண்டனை வரக்கூடிய குற்றவழக்கில் அரசே வக்கீல் தரும். குடிவரவு நீதிமன்றத்துக்கு அந்த வசதி இல்லை. 1963 வியன்னா உடன்படிக்கைப்படி, இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கலாம். கேட்டால் அவர்கள் சொல்லியாக வேண்டும். சிறை ஃபோனில் வீட்டாரோடு பேசுவதைப் பெரும்பாலும் பதிவு செய்கிறார்கள், தமிழில் பேசினாலும் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். அதில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

கடைசியாக, “குற்றத்தை ஒத்துக்கோ, சின்ன அபராதத்தோட முடிச்சிடலாம்” என்று ஒரு பேரம் வரும். பரீட்சை நெருங்குகிறது, வேலை போய்விடும், ஊருக்குத் தெரியக்கூடாது என்ற பதற்றத்தில் கையெழுத்துப் போடத் தோன்றும். ஆனால் சின்னதாகத் தெரியும் சில குற்றங்கள் நாடு கடத்தல் வரை கொண்டுபோகும். அதை உங்களுக்கு எடுத்துச் சொல்வது குற்றவியல் வக்கீலின் கடமை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, “இதில் கையெழுத்துப் போட்டால் என் விசா என்ன ஆகும்?” என்று கேளுங்கள். வக்கீல் தடுமாறினால், குடிவரவு வக்கீல் ஒருவரிடம் பேசும் வரை அவகாசம் வாங்கச் சொல்லுங்கள்.